கடுதாசி தின்னி

எங்கள் அப்பாவுக்கு ஆரணிக்காரர்கள் வைத்த பெயர் ‘கடுதாசி தின்னி’. அறுபத்தேழாம் வருஷத் தேர்தலில் ஜெயித்து சட்டசபைக்குப் போனவர் அவர். எந்தக் கட்சி, எந்தத் தொகுதி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் டீக்கடையில் இன்றைக்கும் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள், எனக்கு அந்தப் பேஜார் வேண்டாம். அப்பாவின் உண்மைப் பெயர் ஏகாம்பரம். பட்டு நெசவுக்காரர். தறிக்குழியிலிருந்து எழுந்து கோட்டைக்குப் போனார், அடுத்த தேர்தலில் தோற்றார், திரும்பவும் அதே குழியில் வந்து உட்கார்ந்தார்.

அந்தக் காலத்தில் ஜனங்கள் எம்எல்ஏவுக்குக் கார்டு எழுதித் தள்ளினார்கள். ஆட்சி மாறியிருந்தது, எல்லோருக்கும் கேட்க ஏதோ ஒன்று இருந்தது. தபால்காரர் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போடுவாராம். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து பதில் என்று ஒரு வரி போனதில்லை. ஊர் சும்மா விடுமா? ‘போட்ட கடுதாசி எல்லாம் எங்கே போனது? ஏகாம்பரம் வயிற்றுக்குள்தான்’ என்று ஒருவன் மேடையில் பேசினான், கூட்டம் சிரித்தது, பெயர் ஒட்டிக்கொண்டது.

நான் பள்ளிக்கூடம் போன நாளில் என்னைக் கலையரசி என்று யாரும் கூப்பிடவில்லை, கடுதாசி தின்னி பொண்ணு என்றுதான் கூப்பிட்டார்கள். நோட்டுத்தாளைக் கிழித்து, “இந்தா, உங்கப்பாவுக்கு டிபன்” என்று நீட்டுவார்கள். ஒருத்தனை ஸ்லேட்டால் அடித்திருக்கிறேன், அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது. ஆனால் அந்தக் கடுதாசிகள் எல்லாம் எங்கே என்று அம்மாவைக் கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை. அப்பாவைக் கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

எண்பத்தொன்பதில் அவர் போனார். பேச்சு குழறிப்போன கடைசி நாட்களில் என்னிடமும் தம்பி தனசேகரனிடமும் ஒன்றையே சொன்னார்: “அட்டைங்கள விட்றாதீங்க.”

நெசவுக்காரன் வீட்டில் அட்டை என்றால் வேறு அர்த்தமே கிடையாது. தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். பார்டரில் என்ன பூ விழ வேண்டும் என்பதைத் துளையாகக் குத்திய நீள நீளமான அட்டைகள், ஒன்றோடொன்று கோத்த சரமாக அதில் சுற்றும். துளை இருந்தால் இழை எழும், இல்லாவிட்டால் எழாது. அப்பா குத்திய அந்தச் சரத்தை வைத்துத்தான் அவர் பிழைத்தார், எங்களையும் வளர்த்தார். தம்பி பெட்டியைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிய பிறகும், அப்பா சொன்னாரே என்று சரத்தைச் சாக்கில் கட்டிப் பரணில் வைத்திருந்தோம்.

இந்த வருஷம் இளமதி என்ற பெண் போன் செய்தாள். தெள்ளாருக்காரி, சென்னையில் ஆராய்ச்சிப் படிப்பு. அறுபத்தேழுக்குப் பிறகு சாதாரண ஜனங்கள் எம்எல்ஏக்களுக்கு எழுதிய கடிதங்களைத் தேடுகிறாளாம்.

“ஒண்ணும் இல்லம்மா” என்றேன்.

“ஒரு கார்டு கூடவா இல்லீங்க? எங்க போனாலும் உங்கப்பாவுக்குத்தான் நெறைய எழுதுனாங்கன்னு சொல்றாங்களே.”

“எழுதனாங்க. அவரு தின்னுட்டாரு. உன் ஆராய்ச்சியில அத எழுதிக்கோ” என்று வைத்துவிட்டேன். அவள் விடுகிற ஜாதி இல்லை. வெள்ளிக்கிழமை நேரிலேயே வருகிறேன் என்று செய்தி அனுப்பினாள்.

அவள் வருவதற்கு முந்தைய வாரம் நல்ல மழை. பரண் ஓடு பிசகி, சாக்கு முழுக்க நனைந்துபோயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் வெயில் வந்ததும் தனசேகரன் சரத்தை இறக்கி முற்றத்தில் விரித்தான். எண்ணெய் பூசிக் கருத்துப்போன காக்கித்தாள், ஊறி உப்பி, வாழைமட்டை மாதிரி உரிந்துகொண்டு வந்தது. அதை நீவிவிட உட்கார்ந்தவன், “அக்கா, ஜல்தி வா” என்று கத்தினான்.

காக்கித்தாளுக்கு அடியில் எழுத்து இருந்தது. மைக்கோடு, தபால் முத்திரை, ‘மாண்புமிகு எம்.எல்.ஏ. அவர்களுக்கு’ என்று குண்டு குண்டான கையெழுத்து. அப்பா கார்டுகளை நீளவாக்கில் அடுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாகப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, மேலே காக்கித்தாள் போர்த்தி, அதில் துளை குத்தியிருக்கிறார். ஒன்றை உரித்தேன், இன்னொன்றை உரித்தேன். சரம் முழுக்கக் கடுதாசி.

ஊர் சொன்னது நிஜம். சொன்னதைவிட மோசம். ஜனங்கள் வயிறு எரிந்து எழுதியதை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, பதில் போடாமல், ஓட்டை போட்டு, சேலை நெய்து விற்றிருக்கிறார். தோற்றுப்போய் வந்தவரிடம் அட்டை வாங்கக்கூடக் காசு இருந்திருக்காது, அது எனக்குப் புரிகிறது. பதவியில் இருந்தும் ஒன்றும் சேர்க்காமல் வந்தார் என்று ஒரு மனம் பெருமைப்பட்டது. ஆனால் அதற்கு இதுவா கிடைத்தது?

“சாய அடுப்புல போட்ரு” என்றேன்.

“அப்பா விடாதீங்கன்னு சொன்னாருக்கா.”

“அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிட்டாரு. அந்தப் பொண்ணு மத்தியானம் வந்து நிக்கப்போறா. இத அவ பாத்தா புஸ்தகத்துல எழுதுவா. நாம போனப்புறமும் அந்தப் பேரு இருக்கும். உன் புள்ளைங்களுக்கும் இருக்கும். போடு ஜல்தி.”

தனசேகரன் சரத்தை அள்ளிக்கொண்டு எழுந்தான், வைத்தான், மறுபடி எழுந்தான். ஒரு முடிவு எடுப்பதற்குள் முடி நரைத்துவிடும் அவனுக்கு. அப்படி அவன் நின்றுகொண்டிருந்தபோதே வாசலில் ஆட்டோ சத்தம். தெள்ளாரிலிருந்து வருகிற வழியில் சேத்துப்பட்டில் பஸ் சீக்கிரம் கிடைத்துவிட்டதாம், முன்னாடியே வந்துவிட்டாள் இளமதி.

மறைக்க வழியில்லை. முற்றம் நிறைய விரித்திருக்கிறது. அவள் செருப்பைக் கழற்றினாள், பையை வைத்தாள், குனிந்து பார்த்தாள். அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் என்ன திட்டு வரப்போகிறது என்று காத்திருந்தேன். அவள் படிக்க ஆரம்பித்தாள்.

முதல் கார்டு சேத்துப்பட்டுப் பக்கத்துக் கூலிக்காரர் ஒருவர் எழுதியது. ‘ரூபாய்க்கு ஒரு படி அரிசி சென்னையில் போடுகிறார்களாமே, அப்படியானால் நாங்கள் எந்த தேசம் ஐயா?’ எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்தது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அந்தப் பள்ளியில் இந்திப் பாடத்தை நிறுத்திவிட்டார்கள். ‘நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஆனால் எங்கள் இந்தி சாருக்கு வேறு பாடம் கொடுங்கள். அவர் நல்லவர், அடிக்க மாட்டார்.’ அதை இளமதி இரண்டு முறை படித்தாள்.

“அம்மா, இந்த விலாசத்தப் பாருங்க” என்று ஒன்றைக் காட்டினாள். விலாசத்தின் கடைசியில் ‘தமிழ்நாடு’ என்று அழுத்தி எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. “முத்திரை அறுவத்தேழு. அன்னிக்குத் தேதிக்கு நம்ம ராஜ்யத்துக்குப் பேரு சென்னைங்க. சட்டப்படி பேரு மாற இன்னும் ஒரு வருசத்துக்கு மேல இருக்கு. இவரு கவர்மெண்டுக்கு முன்னாடியே மாத்திட்டாரு. தபால் ஆபீஸும் ஒண்ணும் சொல்லாம கொண்டாந்து சேத்திருக்கு.”

அந்தத் தபால்காரரை எனக்குத் தெரியும், சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். சட்டம், ஆட்சி, மாநிலம் என்பதெல்லாம் எங்கோ மெட்ராஸில் பெரியவர்கள் செய்வது என்றுதான் நினைத்திருந்தேன். அது இத்தனை கை வழியாக, இத்தனை கோணல் எழுத்தில், எங்கள் வீட்டு நடைக்கு வந்து போயிருக்கிறது. துளை விழுந்த இடத்தில் எழுத்து போயிருந்தது. ‘எங்கள் ஊருக்கு விளக்கு வேண்டும்’ என்பதில் ஊரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. நாங்கள் மூன்று பேரும் தலையோடு தலை முட்டப் படித்துக்கொண்டிருந்தோம், சோறு ஆறிப்போனது யாருக்கும் நினைவில்லை.

“‘அட்டைங்கள விட்றாதீங்க’ன்னு சொன்னாரு” என்றேன், பாதி எனக்கே.

இளமதி நிமிர்ந்தாள். “அவரு கார்டுன்னு சொல்லுவாரா?”

தனசேகரன் தலையில் அடித்துக்கொண்டான். எப்படிச் சொல்வார்? எங்கள் வீட்டில் பஸ் என்றால் அவருக்குப் பேருந்து, சோப்பு என்றால் வழலை. கார்டை அவர் வாய் அஞ்சலட்டை என்றுதான் சொல்லும், அவசரத்தில் வெறும் அட்டை. நாங்கள் தறி அட்டை என்று நினைத்துக் காப்பாற்றி வைத்தோம், நல்ல வேளை இரண்டும் ஒன்றாக இருந்தது.

ஒவ்வொரு கார்டிலும் ஒரு கைநாட்டு இருப்பதை அவள்தான் முதலில் சொன்னாள். ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை, பக்கத்தில் நீலப் பென்சிலில் அப்பாவின் கையெழுத்தில் ஒரு தேதி.

“மனுன்னா கைநாட்டு இருக்கத்தான் செய்யும்” என்றேன்.

“கையெழுத்து போட்டவங்க கார்டுலயும் இருக்குதுங்களே. தேதியும் முத்திரைக்கு அப்புறமாத்தான் வருது.”

தனசேகரன் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. உரித்த காக்கித்தாளை எடுத்துத் திரும்ப அட்டையின் மேல் வைத்துப் பார்த்தான். அடுத்ததிலும் அப்படியே வைத்துப் பார்த்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது.

“இன்னாடா?”

“இந்தத் தாளு மேல அங்கங்க பென்சில்ல ஒரு வட்டம் இருக்கும்க்கா. வட்டத்துக்குள்ள பூவுக்கு வேண்டிய துளை குத்தாம இருக்கும். அப்பா குத்த மறந்த இடம், அப்புறமா குத்தணும்னு குறிச்சி வெச்சிகினு விட்டுட்டாருன்னு நெனச்சேன். வட்டத்துக்குக் கீழ பாரு. எல்லாம் ரேகை.”

நான் பார்த்தேன். எழுத்தின் மேல் துளை, முத்திரையின் மேல் துளை, ‘மாண்புமிகு’வின் மேல் துளை, அப்பாவின் பெயரின் மேலேயே துளை. ஒரு ரேகையின் மேலும் துளை இல்லை. ஒன்றைக்கூட அவர் ஊசிக்குக் கொடுக்கவில்லை.

துளை இல்லாவிட்டால் இழை எழாது. அதனால் எங்கள் வீட்டுப் பார்டரில் பூவின் நடுவே அங்கங்கே ஒரு கோடு விட்டுப்போயிருக்கும், ஊன்றிப் பார்த்தால் தெரியும். வியாபாரிகள் அதைக் காட்டிச் சொட்டை சொல்லி விலையைக் குறைப்பார்கள். அப்பா வாயே திறக்க மாட்டார். அத்தனை பேருடைய விரல் இருந்த இடத்தை விட்டு விட்டு நெய்திருக்கிறார். பக்தியுள்ளவர் என்றால் சாமி காரியம் என்று சொல்லிவிடலாம். அவர் கோயில் பக்கமே போகாதவர்.

“கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது அதெல்லாம் தப்புன்னு நெனச்சி ரொப்பிட்டேன்க்கா” என்றான் தனசேகரன். “ஒரு எடம் விடாம ரொப்பிட்டேன். அப்பா செஞ்ச தப்ப திருத்திட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தேன்.”

அவன் அழுதான். ஐம்பது வயதுக்காரன் முற்றத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துவதைப் பார்த்தால் மற்ற நாளில் கிண்டல் செய்திருப்பேன்.

ஆனாலும் என் மனது ஆறவில்லை. ரேகைக்கு மரியாதை கொடுத்தார், சரி. கேட்டவர்களுக்கு என்ன கொடுத்தார்? தேதி போட்டால் வேலை ஆகிவிட்டதா? ஊர் வைத்த பெயர் அப்படியே இருக்கிறது.

“யார்னா ஒருத்தர் உயிரோட இருந்தா கேட்டுடலாமே” என்றாள் இளமதி. எழுதியவருக்கு அப்போது இளவயது என்று தெரிகிற மாதிரி ஒரு கார்டு இருந்தது, அதை எடுத்தாள். களம்பூரிலிருந்து, அறுபத்தெட்டாம் வருஷம். எழுத்து அச்சு மாதிரி இருந்தது.

‘எனக்கும் அரிசி மில்லில் வேலை செய்யும் வேலு என்பவருக்கும் ஐயர் இல்லாமல் மாலை மாற்றிக் கல்யாணம் நடந்தது. இது கல்யாணமே இல்லை என்று என் மாமியார் சொல்கிறார். இந்த மாதிரிக் கல்யாணம் செல்லும் என்று நீங்கள் எல்லாம் சட்டம் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். செல்லும் என்றால் இரண்டு வரி எழுதவும். மாமியாரிடம் காட்ட வேண்டும். இப்படிக்கு, பாஞ்சாலை.’

கையெழுத்து பளிச்சென்று இருந்தது. அதன் பக்கத்திலும் ஊதா ரேகை.

களம்பூரில் பழைய மில்காரர் ஒருவரைத் தனசேகரனுக்குத் தெரியும். போன் போட்டதில், வேலு போய்ச் சேர்ந்துவிட்டார், பாஞ்சாலை இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம் என்று தெரிந்தது. மறுநாள் காலையிலேயே தம்பி காரில் மூன்று பேரும் கிளம்பினோம். வழியெல்லாம் நெல் லாரி. ‘உங்கப்பனா? ஒரு வரி எழுதலையே’ என்று அந்த அம்மாள் சொன்னால் நான் என்ன செய்வேன்? இளமதியின் போன் வேறு பதிவு செய்யத் தயாராக இருந்தது.

பாஞ்சாலை கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, உரத்த குரல்.

“யாரு?”

“ஆரணிங்க. எம்எல்ஏவா இருந்தாரே ஏகாம்பரம், அவரு பொண்ணு.”

வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். “மூக்கு அதேதான்” என்றார். “உக்காரு கண்ணு.”

கார்டை நீட்டினேன். துளைகளை விரலால் தடவிப் பார்த்தார். இது என்ன, யார் செய்தது என்று ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன். “இதுக்குப் பதில் வரலதானேம்மா?”

“யாரு சொன்னது வரலன்னு?”

“ஊர்ல சொல்றாங்க. எங்கப்பா யாருக்கும் பதில் போட்டதில்லன்னு.”

“கடுதாசி போட்டா கடுதாசிதான் வரணுமா? மனுசனே வந்தாரே.”

தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். பாஞ்சாலை தொடர்ந்தார்.

“பஸ்ஸுல வந்து எறங்கி, மில்லாண்ட வழி கேட்டுகினு, இந்தக் கார்ட கையில புடிச்சிகினு வந்தாரு. நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ, எழுதிப்போட்டா படிச்சிக்குவேன். ஆனா என் மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. ‘உன் மாமியாருக்குத்தாம்மா பதில் வேணும், அது கடுதாசியில ஆகாது’ன்னாரு. என் மாமியா வெளிய வந்து, இடுப்புல கை வெச்சிகினு நின்னுச்சி. மாலை மாத்துனா கல்யாணமா, அத யாரு சொன்னதுன்னு கேட்டுச்சி. அதுக்கு இவரு, ‘சட்டசபையில கேட்டாங்கம்மா, இது செல்லுமான்னு. நாங்க எல்லாரும் ஆம்னு சொன்னோம். அதுல ஒரு ஆம் என்னுது’ன்னாரு.”

இளமதி போனைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். தனசேகரன் வாசற்படியிலேயே நின்றான்.

“என் மாமியா லேசுப்பட்ட ஆளா? ‘அங்க சொன்னது எனக்கு இன்னா தெரியும்? இங்க சொல்லு, என் எதுர்ல சொல்லு’ன்னுச்சி. எனக்கு உயிரே போச்சி. எம்எல்ஏவாச்சே, கோவிச்சிக்கினு போயிடுவாரேன்னு. அவரு போகல. தோள்ல கெடந்த துண்ட எடுத்து கக்கத்துல வெச்சிகினாரு. இந்த மண்ணுலதான், அதோ அந்த எடத்துல, நிமுந்து நின்னாரு. தெருவெல்லாம் கேக்குற மாதிரி ‘ஆம்’னு சொன்னாரு.”

நான் அழுதேன். மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. என் அப்பா கோட்டையில் சொன்ன சொல்லை, ஒரு படிக்காத அம்மாள் கேட்டாள் என்பதற்காக, களம்பூர் மண்ணில் நின்று இன்னொரு முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு ரேகைக்கும் ஒரு வாசல் இருந்திருக்கும், ஒவ்வொரு வாசலிலும் அவர் நின்றிருப்பார்.

“அப்போ இந்த ரேகை உங்களுதா?” என்று இளமதி கேட்டாள்.

“நான் எதுக்கு ரேகை வெக்கறேன், எனக்குத்தான் கையெழுத்து வருமே. அது என் மாமியாளுது. ‘பதில் கெடச்சிதுன்னா வெய்ம்மா, இல்லன்னா வெக்காத’ன்னு மைப்பெட்டிய நீட்டுனாரு. அது ரொம்ப நேரம் யோசன பண்ணுச்சி. அப்புறம் வெச்சிச்சி.”

பாஞ்சாலை கார்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டார்.

“கல்யாணம் ஆயி வந்ததுலேருந்து என்ன வெளியிலயே உக்கார வெச்சி சோறு போட்டுச்சி என் மாமியா. அன்னிக்கு அவரு தெரு திரும்புற வரைக்கும் பாத்துகினு நின்னுச்சி. அப்புறம் என் பக்கம் திரும்பி, ‘இன்னா மரமாட்டம் நிக்கற? அரிசி களைஞ்சி வெச்சிருக்கேன், உள்ள போயி ஒலையில போடு’ன்னுச்சி.”